ஆறாவது பிணத்தின் நடை

பிணங்களில் வகை போதாது என்று கொழும்பில் சொன்னார்கள். அதை எங்களிடம் சொல்ல லதுஷாவை அனுப்பினார்கள்.

2007ஆம் ஆண்டு. பதுளை பஜாரில், ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் புவாத் நானாவின் கம்பியூட்டர் வகுப்பு இருந்தது. முன் அறையில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தார்கள். பின் அறையில் நானும் சதீஸ்குமாரும் ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். ஸோம்பி விளையாட்டு. கைவிடப்பட்ட தேயிலைத் தோட்டம், செத்து எழுந்தவர்கள், ஒரு துப்பாக்கி, தப்பிப் போக ஒரு லொறி. கம்பியூட்டர் விற்கும் கொழும்பு நிறுவனம் ஒன்று, வாங்குகிறவர்களுக்குச் சும்மா கொடுக்கும் சீடியில் இதைச் சேர்க்க இருந்தது. நான் புரோகிராம் எழுதுபவன். பேராதனையில் படித்துவிட்டு வந்தவன். சதீஸ்குமார் உருவங்கள் செய்பவன். பசறைக்காரன். அதற்கு முன் பஸ்களுக்குச் சாமி படம் வரைந்தவன்.

இந்த வகை விளையாட்டுகள் எனக்குப் பிடிக்காது. செய்பவனுக்குப் பிடிக்க வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எல்லாவற்றிலும் அதே ஐந்து பேர். நடப்பவன், ஓடுபவன், வெடிக்கும் தடியன், தூரத்திலிருந்து துப்புபவன், கடைசியில் கதவை உடைத்துக்கொண்டு வரும் பெரியவன். ஓடுபவன் என்பது நடப்பவனின் வேகத்தைக் கூட்டியது. தடியன் என்பது அவனுடைய அகலத்தைக் கூட்டியது. பெரியவனுக்கு உயரம், அகலம் இரண்டையும் கூட்டுவார்கள். சட்டைக்குப் பச்சை பூசினால் துப்புபவன். உள்ளே ஒரே ஆள்தான். உடுப்பு மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். விளையாடுகிறவன் ஐந்து பேரைக் கொன்றதாக நினைத்துப் படுக்கப் போகிறான்.

எங்களுடையதும் அப்படித்தான். எங்கள் விளையாட்டில் எந்நேரமும் மூடுபனி. மடுல்சீமைப் பக்கத்துப் பனி அப்படியே வந்திருக்கிறது என்று பார்த்தவர்கள் பாராட்டினார்கள். பனிக்கு அப்பால் இருப்பதை வரைய வேண்டியதில்லை, கம்பியூட்டருக்கு வேலை மிச்சம். அதற்காகத்தான் பனி.

லதுஷா வெள்ளவத்தையில் வளர்ந்தவள். பெற்றோர் யாழ்ப்பாணம். இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, தேநீர்கூடக் குடிக்காமல் விளையாட உட்கார்ந்தாள். விளையாட்டுக்குள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று, வந்ததையெல்லாம் சுட்டாள். பிறகு சுடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் இடது காலைத்தான் இழுக்குது" என்றாள்.

"எல்லாருக்கும் ஒரே நோய்" என்றேன்.

"ஓடுற ஆளும் இழுக்குது."

"அவன் வேகமாக இழுக்கிறான்."

முன் அறையில் காமிலா சிரித்தாள். காமிலா புவாத் நானாவின் அக்கா மகள். வகுப்புக்குப் பற்றுச்சீட்டு எழுதுபவள். எங்கள் விளையாட்டை எங்களைவிட நன்றாக விளையாடியவளும் அவள்தான். லதுஷா சிரிக்கவில்லை.

நான் விளக்கம் சொன்னேன். எல்லாப் பிணத்துக்கும் உள்ளே ஒரே எலும்புக்கூடு. மேலே தோலை மட்டும் மாற்றுகிறோம். எலும்புக்கூடு ஒன்று என்பதால் நடையும் ஒன்று. இன்னொரு நடை சேர்த்தால் மெமரி தாங்காது. இந்த நாட்டில் வீடுகளில் இருக்கிற கம்பியூட்டர்கள் எப்படிப்பட்டவை என்று கொழும்பில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது. இப்படி நிறையப் பேசினேன்.

சொன்னதெல்லாம் உண்மை. ஆனால் நான் மெமரிக்காகப் பேசவில்லை. அந்த நடை விஜியுடையது.

விஜயலெட்சுமி என் மனைவி. பூனாகலைத் தோட்டத்துப் பெண். முன் அறையில் டைப்பிங் சொல்லிக்கொடுத்தவள். சிறுவயதில் லயத்துப் படியில் விழுந்து, இடது கணுக்கால் கோணலாகப் பொருந்தியிருந்தது. நாங்கள் விளையாட்டைத் தொடங்கியபோது, பிணம் நடப்பதைப் படம் எடுத்து அதைப் பார்த்து எலும்புக்கூட்டை அசைக்கலாம் என்று சதீஸ்குமார் சொன்னான். புவாத் நானாவின் தம்பி கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய கமராவை ஒரு பகலுக்கு வாங்கினோம். சதீஸ்குமார் நடந்தான். தேர்தலில் தோற்றவன் போல இருந்தது. நான் நடந்தேன். வங்கியில் வரிசையில் நகர்பவன் போல இருந்தது. விஜி வகுப்பை முடித்துவிட்டு வந்து பார்த்தாள்.

"நான் சும்மா நடந்தாலே போதும். நடிக்க வேணாம்" என்றாள்.

தாழ்வாரத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தாள். கைகளை முன்னால் நீட்டச் சொன்னோம். மாட்டேன் என்றாள். "செத்தவங்க எதுக்குக் கைய நீட்டிக்கிட்டு வரணும், பஸ்ஸ நிப்பாட்டவா?"

சதீஸ்குமார் படத்தை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எலும்பாக அந்த நடையை எடுத்துக்கொண்டான். கமராவைத் திருப்பிக் கொடுத்தோம். அந்த நாடாவின் மேல் யாருடைய கல்யாணமோ பதிவாகிவிட்டது. அது அவருடைய தொழில். எங்கள் கல்யாண வீடியோவில் விஜி மணவறையில் உட்கார்ந்தே இருக்கிறாள். எழுந்து சுற்றி வரும்போது சொந்தக்காரர்கள் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் மடுல்சீமையில் என் பெற்றோரைப் பார்க்கப் போயிருந்தோம். அங்கே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. பாதையில் மண் சரிந்திருந்தது. பஸ் இல்லை. தோட்டத்து லொறி பாதி வழியில் நின்றது. மற்றதை எழுத வேண்டியதில்லை. எனக்கு இருபத்தெட்டு வயது.

பதினாறு முடிந்து வேலைக்கு வந்தேன். கம்பியூட்டரைத் திறந்தேன். பனிக்குள்ளிருந்து ஐந்து பிணங்கள் அவளுடைய காலை இழுத்துக்கொண்டு வந்தன.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்ந்தேன். ஆனால் அதன் பிறகு தினமும் காலையில் வேறு எதற்கும் முன் அதைத்தான் திறந்தேன். சதீஸ்குமாருக்கும் புவாத் நானாவுக்கும் அது தெரியும். அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. லதுஷாவுக்குத் தெரியாது.

லதுஷா தீர்வைக் கையோடு கொண்டுவந்திருந்தாள். ஒரு சீடி. அதில் ஐந்து நடைகள். வெளிநாட்டில் யாரோ, கம்பியூட்டர் அசைவைப் பிடிப்பதற்காக உடம்பெல்லாம் சின்னப் பந்துகளை ஒட்டிக்கொண்டு நடந்தவை. எங்கள் எலும்புக்கூட்டுக்கு அப்படியே மாட்டலாம். மெமரிக்கு என்ன செய்வது என்று கேட்டேன். தோலின் நுணுக்கத்தைப் பாதியாகக் குறைத்தால் நடைகளுக்கு இடம் வரும், இந்தப் பனிக்குள் தோலை யார் பார்க்கப் போகிறார்கள் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். அது எனக்கு எரிச்சலாக இருந்தது.

புவாத் நானா என்னை மாடிப்படிக்கு அழைத்துப் போனார். கொழும்புக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் இது முடிந்தால் இன்னொரு வேலை வரும் என்றும் சொன்னார்.

"அது அவ இல்லையே தம்பி. எலும்புக்கூடு தானே."

"ஆமாங்க நானா. எலும்புக்கூடுதான்."

அவர் தேநீர் குடிக்கக் கீழே போனார். நான் மேலே போய் சீடியைப் போட்டேன்.

முதலில் தடியன் மாறினான். பிறகு துப்புபவன். பிறகு பெரியவன். ஒவ்வொருவராக இடது காலை விட்டுவிட்டு அமெரிக்கன் போல் நடக்கத் தொடங்கினார்கள். அந்த நடைகளைக் கொடுத்தவர்கள் தட்டையான தரையில் நடந்தவர்கள். எங்கள் விளையாட்டில் தட்டையான தரை பெரட்டுக்களத்தில் மட்டும்தான் உண்டு. காலையில் ஆள்கணக்கு எடுக்கிற இடம், அதனால் தட்டையாக இருக்கும். மற்றதெல்லாம் படி, மேடு, சரிவு. லயத்துப் படிகளில் இறங்கும்போது ஒரு கால் கல்லுக்குள் புதைந்தது, மற்றக் கால் காற்றில் நின்றது. லதுஷாவிடம் காட்டினேன். யாரும் பார்க்க மாட்டார்கள் என்றாள். யாரும் பார்க்கவில்லை. இந்தத் தொழிலே அந்த ஒரு நம்பிக்கையில்தான் ஓடுகிறது.

ஐந்தாவதும் மாறிய பிறகு காமிலா விளையாடிப் பார்த்தாள். "இப்பதான் அண்ணா பயமா இருக்கு" என்றாள்.

ஆனால் விளையாட்டு வரும் பெட்டியில் ஆறு எதிரிகள் என்று அச்சடிக்கக் கொடுத்தாகிவிட்டது. லதுஷாவின் சீடியில் ஐந்து நடைகள்தான். ஆறாவதுக்கு உங்கள் இடத்துக்கே உரியதாக ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு லதுஷா கொழும்புக்குப் புறப்பட்டாள். பஸ் நிலையத்தில் வைத்து, ஆறாவதுக்குப் பழைய நடையையே விட்டுவிடலாமா என்று கேட்டேன். ஆறில் ஒன்று மட்டும் காலை இழுத்தால் அதுவும் வகைதானே. சரி என்றாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு இனி அந்த ஒன்றுதான்.

ஆறாவதைச் செய்ய சதீஸ்குமார் அதிக நேரம் எடுத்துக்கொண்டான். அருகே போனால் திரையை மறைத்தான். முடித்ததும் நேரே விளையாட்டில் இறக்கிவிட்டு, காமிலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். நாங்கள் பின்னால் நின்றோம்.

பனிக்குள்ளிருந்து ஒரு பெண் வந்தாள். கந்தல் இல்லை. இரத்தம் இல்லை. புதுச்சேலை. மூக்கில் பஞ்சு. நெற்றியில் காசு. தாடையைச் சுற்றி உச்சந்தலையில் முடிச்சுப் போட்ட வெள்ளைத் துணி. இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி. முகம் யாருடைய முகமும் இல்லை. விஜியின் சாயல் வந்துவிடக்கூடாது என்று அவன் பாடுபட்டிருந்தது தெரிந்தது.

பிணம் ஒன்று செய் என்றார்கள். அவன் தன் வாழ்நாளில் பார்த்த பிணத்தைச் செய்திருந்தான். எங்கள் பக்கத்தில் செத்தவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, கட்டித்தான் வைப்பார்கள். கிழிந்த சட்டையோடு யாரும் குழிக்குப் போவதில்லை.

உள்ளே இருந்த நடை கால்களை எடுத்து வைத்தது. விரல்கள் கட்டியிருந்தன. கட்டு ரப்பர் போல நீண்டு சுருங்கியது. அந்தப் பெண் அப்படியே காமிலாவின் பக்கத்தில் வந்து நின்றாள். காமிலா துப்பாக்கியை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை.

"இது கடிக்குதில்லயே" என்றாள்.

"வாயக் கட்டியிருக்கில்ல, எப்புடிக் கடிக்கும்?" என்றான் சதீஸ்குமார்.

"ஒழுங்கா நடக்கவும் இல்ல."

"காலையும் கட்டியிருக்கே."

"அப்ப இது என்னதான் செய்யும்?"

சதீஸ்குமார் யோசித்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிந்தது என்று நினைக்கிறேன்.

"செத்திருக்கும்" என்றான்.

நான் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கே பழக்கமில்லாமல் இருந்தது. உலகமெல்லாம் செத்தவர்கள் எழுந்து வந்து கடிப்பார்கள் என்று பயந்து விளையாட்டு செய்கிறது. எங்கள் ஆட்கள் வாயையும் காலையும் கட்டி, அந்தப் பிரச்சினையை எப்போதோ தீர்த்துவிட்டார்கள்.

லதுஷா திரும்ப வந்தபோது, அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கொழும்பில் சவம் வைக்கும் மலர்ச்சாலைகளில் கோட்டும் காலுறையும் போட்ட பிணங்களைத்தான் பார்த்திருக்கிறாள். இந்தக் கட்டு எதற்கு என்று கேட்டாள். உடம்பு விறைக்கும்போது வாய் திறந்து, கால்கள் அகன்றுபோகாமல் இருக்க என்றேன். அப்படியே புதைப்பீர்களா என்று கேட்டாள். இல்லை, குழியில் இறக்கும் முன் கட்டை அறுத்துவிடுவோம், கட்டோடு புதைத்தால் ஆள் போகாது என்பார்கள் என்றேன்.

விஜியின் கட்டை நான்தான் அறுத்தேன். பிளேட் மழுங்கல். திரும்பத் திரும்ப இழுக்க வேண்டியிருந்தது. அதை நான் லதுஷாவிடம் சொல்லவில்லை.

"அப்ப விளையாடுற ஆள் அறுக்கட்டும்" என்றாள் லதுஷா. "லயத்துக்குள்ள ஒரு காம்பிராவில இது படுத்திருக்கட்டும். லொறிச் சாவி இதுக்குக் கீழ இருக்கட்டும். கால் கட்டை அறுத்தாத்தான் சாவியை எடுக்கலாம். அறுத்தா எழும்பும்."

நல்ல யோசனை. அது என்னுடையதாக இல்லை என்பது மட்டும்தான் குறை.

"எழும்பி?" என்றேன்.

"எழும்பி வந்து கடிக்கும். வாய்க் கட்டையும் எடுத்துவிடுங்கோ."

"இது கடிக்க வேண்டியதில்லை."

"கடிக்காட்டி அது எதிரி இல்லை. பெட்டியில ஆறு எதிரி எண்டு இருக்கு."

கடிக்காவிட்டால் ஆறாவது போய்விடும். அதோடு நடையும் போய்விடும். வாய்க் கட்டை எடுத்தேன். பல் வைத்தான் சதீஸ்குமார்.

சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தக் காம்பிரா அறைக்குள் போனேன். கட்டை அறுத்தேன். எழுந்தாள். இடது காலை இழுத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். சுட்டு, சரியாக விழுகிறாளா என்று பார்க்க வேண்டியதுதான் அடுத்த வேலை. சுடவில்லை. வந்து கடித்தாள். திரை சிவந்தது. மறுபடியும் தொடங்கினேன். கட்டை அறுத்தேன். வந்தாள். கடித்தாள். மறுபடியும் தொடங்கினேன்.

சதீஸ்குமார் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"சுட்டுப் பாக்கலையா அண்ணே?"

"கடிக்குதான்னு பாக்கிறேன்."

"கடிக்குதுண்ணே."

"ஆமா."

அவன் போகவில்லை. "விஜி அக்கா என்னைய எவ்வளவோ ஏசியிருக்காங்க" என்றான். "கடிச்சதில்லண்ணே."

அவன் தன் மேசைக்குப் போனான்.

அந்த வாரமே லதுஷா தொலைபேசியில் பேசினாள். மற்றவர்களும் விளையாடிப் பார்த்தார்களாம். ஆறாவது மிகவும் மெதுவாம். வருவதற்குள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவிடலாமாம். நடையின் வேகத்தைக் கூட்டச் சொன்னாள். ஒரு எண்ணை மாற்றினால் போதும், எனக்குத் தெரியாததா என்றாள்.

தெரியும். அந்த எண்ணை மாற்றினால் அது வேறு யாருடையதோ நடையாகிவிடும்.

"முடியாது" என்றேன்.

"மெமரியா?"

"இல்லை. அது என் மனைவியின் நடை. அவள் இறந்துவிட்டாள்."



"ஏன் முதலே சொல்லேல்லை?" என்றாள்.

"சொன்னால் மெமரி கூடுமா?"

அவள் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "உங்கட விருப்பப்படி செய்யுங்கோ. நான் இங்க பாத்துக்கொள்ளுறன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

சண்டைக்குத் தயாராக இருந்தேன். கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள். இப்போது நடையை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஐந்து பிணங்களுக்கும் திருப்பி மாட்டலாம். ஆறாவதை இப்படியே மெதுவாக வந்து கடிக்க விடலாம். இந்த வகை விளையாட்டில் எதிரிக்கு மூன்று வேலைகள். வருவது, கடிப்பது, விழுவது. வேறு எதற்கும் அவர்களை வைத்திருப்பதில்லை. விஜியின் நடையைப் பார்க்க வேண்டும் என்றால் அதன் முன்னால் இரையாக நிற்க வேண்டும். கம்பியூட்டர் வாங்கும் ஆயிரம் பேர் அதை ஒரு விநாடி பார்ப்பார்கள், பிறகு தலையில் சுடுவார்கள். நான் மட்டும் தினமும் காலையில் கடிபடுவேன். இதற்காகத்தான் இவ்வளவு நாளும் மெமரியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

வாய்க் கட்டைத் திரும்பக் கட்டச் சொன்னேன். சதீஸ்குமார் எதுவும் கேட்காமல் கட்டினான். நான் மற்றதை மாற்றி எழுதினேன். கால் கட்டை அறுத்தால் எழுவாள். அறுத்தவனைப் பார்க்க மாட்டாள். கதவைத் தாண்டிப் போவாள். லயத்துப் படிகளில் இறங்குவாள். பெரட்டுக்களத்தைக் கடந்து, தோட்டத்திலிருந்து வெளியே போகும் கொந்தரப்பாதை வளைவில் பனிக்குள் போவாள். அவ்வளவுதான்.

படிகளில் அவளுடைய கால்களும் கல்லுக்குள் புதைந்தன. தாழ்வாரத்தில் நடந்த நடைதானே. யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். சதீஸ்குமார் கேட்கவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு காலாக, கையால் எடுத்து வைத்தான். எங்கள் விளையாட்டில் கால் தரையில் படுகிற பிணம் அது ஒன்றுதான்.

ஒரு வேலை மிச்சம் இருந்தது. பனிக்கு அப்பால் போனதைக் கம்பியூட்டர் சுமந்துகொண்டிருக்க முடியாது. ஐந்து பேருடைய புது நடைகள் ஏற்கனவே மெமரியை நிரப்பியிருந்தன. வளைவைத் தாண்டியதும் அவளை மெமரியிலிருந்து விட்டுவிட வேண்டும். அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். சதீஸ்குமாருக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது. நான் எழுதினேன்.

லதுஷா சொன்னபடி பார்த்துக்கொண்டாள். பெட்டியில் ஆறு எதிரிகள் என்றே வந்தது. ஐந்து கடிக்கும். ஒன்று போகும். கொழும்பில் ஒரு பத்திரிகை எங்கள் விளையாட்டைப் பற்றி எழுதியது. எதிரிகளின் வகையைப் பாராட்டியது. ஆறாவதில் மட்டும் ஏதோ பிழை இருக்கிறது, எழுந்து தப்பான திசையில் போகிறது என்றது.

சீடி வந்த அன்று காமிலா முதலாவதாக விளையாடினாள். கட்டை அறுத்தாள். அது எழுந்து வெளியே போனது. துப்பாக்கியை அதன் முதுகுக்கு நேரே பிடித்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது எதிரியா இல்லையா அண்ணா?"

"பெட்டியில் எதிரி என்று இருக்கு."

"அப்ப சுடலாம் தானே."

"சுடலாம்."

அவள் கொஞ்ச நேரம் குறி பார்த்தாள். "குண்டு வீண்" என்று சொல்லிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு லொறிக்கு ஓடினாள்.

எல்லாரும் போன பிறகு நான் ஒரு தரம் விளையாடினேன். கட்டை அறுத்தேன். சாவியை எடுக்கவில்லை. பின்னாலேயே போனேன். படிகளில் கால் சரியாகப் பட்டது. பெரட்டுக்களத்தில் இடது கால் சரியாக இழுபட்டது. வளைவுவரை நடையில் ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகு, நான் எழுதிய வரி வேலை செய்தது.